அப்பாவால் முடிவதும், அப்பா செய்வதும்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது, அதோடு சர்க்கரை, ராத்திரி இன்சுலின். சில மாதங்களுக்கு முன் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் அழைத்துப் போனோம். பயிற்சி முடிந்தபோது 6 நிமிட நடைச் சோதனையில் 310 மீட்டரிலிருந்து 365 மீட்டருக்கு வந்திருந்தார், எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் பார்த்தால் அதே நாற்காலி, அதே டிவி. ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், தினமும் 2,000 ஸ்டெப்பைத் தாண்டுவதில்லை. 10,000 வேண்டாம், பாதியாவது நடங்கள் என்றால், “மூச்சு வாங்குறது எனக்கு, உனக்கு என்ன தெரியும்” என்று கோபம் வருகிறது. இப்போது வாட்சையே கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். வாட்ச் காட்டுவது சரிதானா? எவ்வளவு நடந்தால் போதும்? மூச்சு வாங்குகிறவரை நடக்கச் சொல்வது ஆபத்தா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயிற்சி வீணாகப் போய்விட்டதோ என்கிற வருத்தம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. வீணாகவில்லை. சிஓபிடி உள்ள ஒருவர் 6 நிமிட நடைச் சோதனையில் சுமார் 30 மீட்டர் கூட்டினாலே அதை உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம், உங்கள் அப்பா 55 மீட்டர் கூட்டியிருக்கிறார். ஆனால் அந்தச் சோதனை அளப்பது அவரால் எவ்வளவு முடியும் என்பதை. நேரான நீளத் தாழ்வாரம், கூடவே பிசியோதெரபிஸ்ட், நிமிடத்துக்கு ஒரு தடவை “நன்றாக நடக்கிறீர்கள், விடாதீர்கள்” என்று ஒரு குரல், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி, முடியாவிட்டால் உட்கார நாற்காலி, இத்தனையும் இருக்கும்போது அவர் காட்டிய திறன் அது. வாட்ச் அளப்பது வேறு. யாரும் பார்க்காத ஒரு சாதாரண மதியத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை அது அளக்கிறது. முடிவது ஒன்று, செய்வது இன்னொன்று. முதலாவது கூடினால் இரண்டாவது தானாகக் கூடிவிடும் என்றுதான் எங்கள் துறையிலும் ரொம்ப நாள் நம்பிக்கை இருந்தது. பயிற்சி முடித்தவர்களுக்கு நடையை எண்ணும் கருவியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தபோது, நிறையப் பேருக்குத் திறன் நன்றாகக் கூடியிருந்தும் அன்றாட நடமாட்டம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் உங்கள் அப்பா ஏதோ விதிவிலக்கான சோம்பேறி இல்லை, அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிஓபிடி உள்ளவர்களில் யார் நீண்ட நாள் வாழ்கிறார்கள், யார் அடிக்கடி மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கிறது என்பதைக் கணிப்பதில் அன்றாட நடமாட்டத்தின் அளவு மிக வலுவான குறியீடுகளில் ஒன்று. நோய் முற்றியவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள், எனவே எல்லாவற்றுக்கும் நடைதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் கையில் மாற்றக்கூடியது அதுதான். நுரையீரலில் ஏற்கெனவே ஆன சேதத்தை நடை சரிசெய்யாது, காலைத்தான் சரிசெய்யும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தால் தொடைத் தசை மெலிகிறது, மெலிந்த தசை கொஞ்சம் வேலை செய்தாலே லாக்டிக் அமிலத்தைச் சீக்கிரம் சேர்த்துவிடுகிறது, அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்கிறது, அப்போது இன்னும் மூச்சு வாங்குகிறது, இன்னும் உட்காருகிறார். பயிற்சியில் இந்தச் சுழலை அவர் ஒருமுறை உடைத்திருக்கிறார். நாற்காலியிலேயே இருந்தால் சில மாதங்களில் அந்த 55 மீட்டரும் திரும்பிப் போய்விடும், அதனால்தான் இப்போதே கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, 10,000 கணக்குக்கு வருவோம். அது எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் வந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்பதற்காகப் பிடித்த எண், அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019-ல் ஐ-மின் லீயும் அவருடைய குழுவும் சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 ஸ்டெப் அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் போனால் கூடுதலாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது அதிக லாபம் கிடைப்பது கீழ்ப்பகுதியில், மிகக் குறைவாக நடக்கிறவர் கொஞ்சம் கூட்டும்போது. சிஓபிடி நோயாளிகளைப் பொறுத்தவரை நாளுக்கு 600-லிருந்து 1,100 ஸ்டெப் வரை கூடினாலே அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 600! உங்கள் அப்பாவிடம் நீங்கள் கேட்டதோ 5,000. இப்போதைய நடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் நாளையிலிருந்தே நட என்று ஒருவரிடம் சொன்னால், அவர் வாட்சைக் கழற்றி வைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வாட்ச் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாகக் குறைத்துத்தான் காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி கை வீச்சை வைத்துத்தான் ஸ்டெப்பைப் புரிந்துகொள்கிறது. மூச்சு வாங்குகிறவர்கள் மெதுவாக, காலை அதிகம் தூக்காமல் நடப்பார்கள், சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்வார்கள், கை அசையவே அசையாது. வாக்கர் தள்ளுகிறவர்களுக்கு இன்னும் மோசம். இதை நீங்களே சோதிக்கலாம். அப்பா தன் வழக்கமான வேகத்தில் வீட்டுக்குள் நடக்கட்டும், அவர் கால் தரையில் படுவதைப் பார்த்து நீங்கள் மனசுக்குள் 100 வரை எண்ணுங்கள், அவர் எண்ண வேண்டாம், எண்ணினால் நடை மாறிவிடும். தொடங்கும்போதும் முடியும்போதும் வாட்சில் என்ன எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வாட்ச் உடனே கூட்டாது, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வேறு வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் 80, 85 என்று காட்டினால் கவலையில்லை, குறைவாகக் காட்டினாலும் ஒரே மாதிரி குறைத்துக் காட்டுகிறது, அவருடைய நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது போதும். ஒரு தடவை 40, இன்னொரு தடவை 90 என்று தாவினால் மணிக்கட்டை விட்டுவிட்டு, சாதாரண நடைமானி ஒன்றைக் கணுக்காலிலோ இடுப்பிலோ மாட்டிப் பாருங்கள். மெதுவாக நடக்கிறவர்களுக்குக் கணுக்கால்தான் பெரும்பாலும் சரியாக வருகிறது. எந்த இடத்தில் மாட்டினாலும் அப்புறம் இடத்தையும் கருவியையும் மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

எங்கே தொடங்குகிறோம் என்று தெரியாமல் இலக்கு வைக்கக் கூடாது. ஒரு வாரம் அவர் வழக்கம்போல இருக்கட்டும், காலையில் எழுந்ததும் மாட்டி, படுக்கப் போகும்போது கழற்றட்டும். அந்த வாரம் எண்ணைப் பற்றி யாரும் வாயைத் திறக்காதீர்கள், ஏனென்றால் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிடுவார்கள், அப்புறம் அந்தத் தொடக்க எண்ணே பொய்யாகிவிடும். பாதி நாள் மாட்ட மறந்த நாளை விட்டுவிடுங்கள், குறைந்தது நான்கு முழு நாட்களாவது தேறினால்தான் சராசரி எடுக்க முடியும், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருப்பது நல்லது. டாக்டரிடம் போய்வந்த நாள், உடம்பு சரியில்லாத நாள் என்றால் பக்கத்தில் எழுதி வையுங்கள். “வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள்” என்று கேட்டு நிரப்புகிற படிவங்கள் இருக்கின்றன, நாங்களும் பயன்படுத்துகிறோம், ஆனால் அதில் எல்லோருமே உண்மையைவிடக் கூடுதலாகத்தான் சொல்கிறார்கள், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. படிவத்தால் தெரிவது வேறொன்று: எந்த வேலையை அவர் தவிர்க்கிறார், எதைச் செய்யும்போது பயப்படுகிறார். அதை எந்த வாட்சும் சொல்லாது.

சராசரி 1,900 என்று வந்தால், அதோடு 10 முதல் 15 சதவீதம், அதாவது 200-லிருந்து 300 ஸ்டெப் கூட்டுங்கள். மெதுவாக நடந்தாலும் அது மூன்று, நான்கு நிமிட நடைதான். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்தது, 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வெளியீட்டில்தான் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி நாள்பட்ட நோய்களோடு வாழ்கிறவர்களுக்குத் தனியாகப் பரிந்துரை வந்தது. வாரம் 150-லிருந்து 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது அந்தப் பரிந்துரை, ஆனால் அந்த அளவை எட்ட முடியாதவர் கொஞ்சம் செய்தாலும் சும்மா இருப்பதைவிட நல்லது என்று அதிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளட்டும். இரண்டு வாரம் அந்த எண்ணில் வசதியாக இருந்தால் அடுத்த 10 சதவீதம். வசதியாக இல்லையென்றால் அதே எண், அவசரமே இல்லை. ஸ்டெப் எண்ணிக்கையில் வராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்தில் தொடங்கலாம். தொடைக்கு அதைவிட எளிய பயிற்சி இல்லை, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை முடிகிறது என்பதை மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் அதுவே வீட்டில் செய்யக்கூடிய ஒரு நல்ல அளவுகோலும்.

இனி மூச்சு. அவருடைய பயம் நியாயமானது, அதை “ஒன்றும் ஆகாது” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். இந்த நோயில் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர நேரம் எடுக்கும். வேகமாக நடந்தால் பழைய காற்று வெளியேறுவதற்கு முன்பே புதுக் காற்றை இழுக்க வேண்டியிருக்கும், மார்பு நிரம்பிக்கொண்டே போகும், இதற்கு மேல் இழுக்க இடமில்லை என்கிற அந்த உணர்வு மரண பயத்தைக் கொடுக்கக்கூடியது. ஆனால் அளவான மூச்சிரைப்பு நுரையீரலுக்குச் சேதம் செய்வதில்லை. எது அளவு? பயிற்சியில் 0-விலிருந்து 10 வரை எண் சொல்லச் சொல்லியிருப்பார்கள், கன்னர் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் உருவாக்கிய அளவுகோல் அது. 0 என்றால் மூச்சிரைப்பே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. 3, 4 என்று அவர் சொல்லும்படி நடந்தால் சரியான வேகம், ஒரு சின்ன வாக்கியத்தையாவது பேச முடியும். 5-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிற்க வேண்டும். நிற்கும்போது ஒரு மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரத்துக்கு மெதுவாக ஊதி வெளியே விடட்டும். டாக்டர் கொடுத்த விரைவு நிவாரண இன்ஹேலரை நடப்பதற்கு 15 நிமிடம் முன்பு எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பேருக்கு அதுவே பெரிய உதவி. வாட்சில் வரும் இதயத் துடிப்பு எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்ய வேண்டாம், குறிப்பாக இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அதிகம் ஏறாது, அது தவறான தைரியத்தைக் கொடுக்கும். வீட்டில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி இருந்து, நடக்கும்போது 88-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி அல்லது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றி விழப் போவது போல் இருப்பது, குளிர்ந்து வியர்ப்பது, உதடு நீலமாவது, உட்கார்ந்த பிறகும் மூச்சிரைப்பு அடங்காமல் இருப்பது, இதெல்லாம் பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, உடனே மருத்துவ உதவி வேண்டும்.

இன்சுலின் எடுக்கிறார் என்பதால் இதையும் கவனியுங்கள். நடை கூடும்போது சர்க்கரை இறங்கும், அதே நேரத்தில் மட்டும் இல்லாமல் சில மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்திலும் இறங்கலாம். புது இலக்கு தொடங்கும் வாரங்களில் நடப்பதற்கு முன் சர்க்கரை பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் மாவுச்சத்துள்ள ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும். அளவு அடிக்கடி இறங்கினால் நடையைக் குறைக்காதீர்கள், இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி படுக்கும்முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுங்கள், உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தால் அவருக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். சாப்பிட்ட பிறகு ஒரு சின்ன நடை சர்க்கரைக்கு நல்லது, ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டதும் மூச்சு சிரமமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்து நடக்கட்டும்.

நாள்பட்ட நோயில் எல்லா நாளும் ஒன்றாக இருக்காது, இதை வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் மறந்துபோகிறார்கள். அதனால் இலக்கு இரண்டாக இருக்கட்டும், நல்ல நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று. மோசமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றார் என்றால் அந்த நாளின் கணக்கு முடிந்தது. சளி நிறம் மாறி, அளவு கூடி, இளைப்பும் கூடினால் அது நோய் திடீரென்று தீவிரமாவதற்கான அறிகுறி, இலக்கை நிறுத்தி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தேறிய பிறகு பழைய எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது, மறுபடி சில நாள் அளந்து புதுச் சராசரி எடுத்து அங்கிருந்துதான். “3,000 வரை வந்துவிட்டு இப்போது 1,400-க்குப் போய்விட்டீர்களே” என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தத்தையும் கைவிட்டவர்கள் உண்டு.

உங்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வாட்ச் இப்போது அப்பாவுடையது இல்லை, உங்களுடையது. எண்ணைப் பார்ப்பது நீங்கள், இலக்கு வைத்தது நீங்கள், திட்டுவதும் நீங்கள். நடைமானியை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது, அதில் கருவி மாட்டியவர்கள் நாளுக்குச் சுமார் 2,500 ஸ்டெப் கூட்டியிருந்தார்கள், ஆனால் இலக்கு என்று ஒன்று இருந்தவர்களிடம்தான் அந்தப் பலன் தெரிந்தது. என் அனுபவத்தில் அந்த இலக்கை நோயாளியே வாயால் சொல்லியிருந்தால்தான் அது நிற்கிறது. அதனால் எண்ணை அவர் பார்க்கட்டும், அவரே ஒரு காலண்டரில் எழுதட்டும், நீங்கள் கேட்டால் மட்டும் காட்டட்டும்.

“நடங்கள்” என்பதற்குப் பதிலாக, நோய் வருவதற்கு முன்பு செய்துகொண்டிருந்ததில் எதை விட்டதுதான் அவருக்கு வருத்தமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவர் சொன்னார், நண்பர் வீட்டுக்குப் போக முடியவில்லை, வழியில் ஒரு மேடு இருக்கிறது, பாதியில் நின்றால் தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று. அவர் பிரச்சினை நுரையீரல் மட்டும் இல்லை, நின்று மூச்சு வாங்குவதில் இருந்த கூச்சமும்தான். மேட்டுக்கு முன்பே ஒரு இடம், நடுவில் ஒரு இடம் என்று நிற்பதற்கு இரண்டு இடம் குறித்துக்கொண்டு, போன் பார்ப்பது போல நின்றுவிட்டுப் போகப் பழகினார். அவருக்கு அப்புறம் ஸ்டெப் கணக்கை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு அது எதுவாகவும் இருக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், பேரப்பிள்ளையைக் கூட்டிவருவதாக இருக்கலாம். அவர் ஒன்றைச் சொன்னதும் இன்னொரு கேள்வி: இதை இந்த வாரம் செய்ய முடியும் என்று 10-க்கு எவ்வளவு நம்பிக்கை? 4 என்றால், “ஏன் 8 இல்லை” என்று கேட்காதீர்கள், “ஏன் 2 இல்லாமல் 4 சொன்னீர்கள்” என்று கேளுங்கள். அப்போது அவர் தன்னால் ஏன் முடியும் என்பதற்கான காரணத்தைத் தானே தேடிச் சொல்வார், அதை நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதற்கு வலு அதிகம். 7-க்குக் கீழேயே நின்றால் அவரை இழுக்காதீர்கள், வேலையைச் சின்னதாக்குங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது எல்லா நாள்பட்ட நோய்க்கும் பொருந்தாது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கும், நீண்டகால கோவிட் உள்ளவர்களில் சிலருக்கும், சின்ன உழைப்புக்குப் பிறகு ஒருநாள் இரண்டுநாள் கழித்து உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். அவர்களைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வது கெடுதல் செய்யலாம், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் நாள்பட்ட களைப்பு நோய்க்கான தன் பரிந்துரையிலிருந்து அந்த முறையை நீக்கிவிட்டது. அவர்களுக்கு ஸ்டெப் எண்ணிக்கை என்பது தாண்ட வேண்டிய கோடு இல்லை, தாண்டக் கூடாத கோடு.

அப்பாவை அடுத்த தடவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது வாரச் சராசரிகள், நடக்கும்போது அவர் சொன்ன மூச்சு எண், சர்க்கரை இறங்கிய நாட்கள், இவற்றை ஒரே தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். இன்ஹேலரை அவர் எடுக்கும் முறை சரிதானா என்று நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், 6 நிமிட நடைச் சோதனையை மறுபடி எப்போது செய்யலாம் என்று கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் முயன்றும் சராசரி அசையவில்லை என்றால், அல்லது அந்த 365 மீட்டர் இறங்கியிருந்தால், மறுவாழ்வுப் பயிற்சியில் இன்னொரு முறை சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஒரு தடவைதான் போகலாம் என்று ஒன்றும் இல்லை.